ஓயாமல் ஓடிய கணினியும் ஒரு யூனிட் பாடமும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தை நடத்தும்போது, மின்திறன், மின்னாற்றல் ஆகிய இரண்டையும் மாணவர்கள் அடிக்கடிக் குழப்பிக்கொள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "வாட் என்றால் என்ன?" என்று கேட்டால் சரியான வரையறை வரும். "யூனிட் என்றால் என்ன?" என்றால் "ஒரு கிலோவாட் மணி" என்றும் வரும். ஆனால், "உங்கள் வீட்டில் எந்தக் கருவி அதிக யூனிட் இழுக்கிறது?" என்று கேட்டுவிட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். 2023-24ஆம் கல்வியாண்டில் அந்த அமைதியைக் கலைக்க நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, என் வீட்டு மேசைக் கணினி. அது எனக்கே பாடமாக முடியும் என்று அப்போது நினைக்கவில்லை.

ஊரடங்குக் காலத்தில் இணையவழி வகுப்புக்காக வாங்கிய கணினி அது. இரவில் காணொலிகள் பதிவிறக்கம் ஆகட்டும் என்று முதலில் அணைக்காமல் விட்டேன். பிறகு அதுவே பழக்கமாயிற்று. காலையில் திரையைத் தட்டினால் நேற்று விட்ட இடத்திலேயே கோப்புகள் திறந்திருக்கும்; வினாத்தாளோ மதிப்பெண் பட்டியலோ உடனே தொடரலாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, மின்தடையைத் தவிர வேறெதற்கும் அது நின்றதில்லை. வகுப்பில் இதைச் சொல்லி, "இது இரண்டு மாதத்திற்கு எத்தனை யூனிட் இழுக்கும்? கண்டுபிடியுங்கள்" என்றேன்.

முதல் விடை: 648 யூனிட்

"கம்ப்யூட்டர்ல எத்தன வாட்டுன்னு எழுதியிருக்கு சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். பெட்டியின் பின்புறம் எஸ்.எம்.பி.எஸ். மீது 450 வாட் என்று இருப்பதைச் சொன்னேன். உடனே கணக்குப் போட்டார்கள். 450 வாட்டை 24 மணி நேரத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு 10,800 வாட் மணி, அதாவது 10.8 யூனிட். 60 நாளைக்கு 648 யூனிட். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை.

கரும்பலகையில் விடையை எழுதிவிட்டு, என் வீட்டின் கடந்த கணக்கெடுப்பில் மொத்தம் 548 யூனிட் என்று பக்கத்தில் எழுதினேன். சில நொடிகள் கழித்துப் பின்வரிசையில் இருந்து குரல் வந்தது: "சார், வீடு மொத்தமே 548தான். கம்ப்யூட்டர் மட்டும் எப்படி 648 ஆகும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கணக்குச் சரி, விடை தவறு. அப்படியானால் எடுத்துக்கொண்ட எண் தவறு. எஸ்.எம்.பி.எஸ். மீதுள்ள 450 வாட் என்பது அது கொடுக்கக்கூடிய உச்ச அளவு. எப்போதும் இழுக்கும் அளவு அன்று. 40 பேர் உட்காரும் பேருந்தில் 40 இருக்கை இருப்பதால் எந்நேரமும் 40 பேர் பயணம் செய்கிறார்கள் என்று பொருளில்லை அல்லவா? மின்விசிறியிலும் பல்பிலும் எழுதியுள்ள வாட், அவை ஏறக்குறைய உண்மையிலேயே இழுக்கும் அளவு. கணினியில் எழுதியிருப்பது கொள்ளளவு. இந்த வேறுபாடு பாடநூல் கணக்குகளில் வருவதில்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

மீட்டரின் சிவப்பு விளக்கு

அளப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை. இப்போது வீடுகளில் இருக்கும் மின்னணு மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை மினுக்கல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் வீட்டு மீட்டரில் அது 3200. மீட்டருக்கு மீட்டர் இந்த எண் மாறும் என்பதால் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்படி ஒரு மினுக்கல் என்பது 1000-ஐ 3200-ஆல் வகுத்த அளவு, அதாவது 0.3125 வாட் மணி. பத்து நிமிடம் எண்ணினால், ஒரு மணி நேரத்திற்கு ஆறு மடங்கு. ஆகவே, பத்து நிமிட மினுக்கல் எண்ணிக்கையை 1.875-ஆல் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை வீட்டில் குளிர்பதனப் பெட்டி உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கணினியை மட்டும் ஓடவிட்டு எண்ணினேன். 51 வந்தது. ஐயம் எழவே கணினியையும் அணைத்துப் பார்த்தேன். விளக்கு அப்போதும் மினுக்கியது! இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதை மறந்திருந்தேன். அதன் சுவிட்சையும் அணைத்த பிறகே மினுக்கல் நின்றது. வேதியியல் ஆய்வகத்தில் வெற்றுச் சோதனை செய்கிறோமே, அதேதான். அளக்க வேண்டிய பொருள் இல்லாதபோது கருவி சுழியைக் காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்தத் தவற்றை வகுப்பில் மறைக்காமல் சொன்னேன். ஆசிரியரின் தவறு மாணவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது!

பிறகு கணினியும் திரையும் மட்டும் ஓட, மீட்டரைக் கைப்பேசியில் பத்து நிமிடம் காணொலியாக எடுத்து வந்தேன். திங்கட்கிழமை வகுப்பில் மூன்று குழுக்கள் தனித்தனியாக எண்ணின. ஒரு குழுவுக்கு 33, ஒரு குழுவுக்கு 34, மற்றொன்றுக்கு 35. சராசரி 34. அதை 1.875-ஆல் பெருக்க, 63.75 வாட். ஏறக்குறைய 64 வாட். இது யாரும் தொடாமல் சும்மா இருந்த கணினியின் அளவு. ஒரு காணொலியை வேறு வடிவத்திற்கு மாற்றும் வேலை கொடுத்தபோது பத்து நிமிடத்தில் 58 மினுக்கல், அதாவது சுமார் 109 வாட் ஆனது. வேலை கூடினால் மின்திறன் கூடுகிறது. ஆனால் வேலையே இல்லாதபோதும் அது சுழிக்கு இறங்குவதில்லை.

இனி கணக்கு எளிது. 64 வாட்டை 24 மணியால் பெருக்க 1536 வாட் மணி. 60 நாளைக்கு 92.16 யூனிட்.

"எங்க வீடு 88, சார்"

விடை வந்ததும் வகுப்பில் சிலர் மகிழ்ச்சியாகக் கை தட்டினார்கள். 648-லிருந்து 92-க்கு இறங்கிவிட்டதே! "அவ்வளவுதானா சார்?" என்றான் ஒருவன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி மட்டும் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னம்மா?" என்றேன். "எங்க வீடு 88, சார்" என்றாள். "எது 88?" என்று கேட்டேன். "ரெண்டு மாசத்துக்கு எங்க வீட்டுக் கரண்டு மொத்தமும் 88 யூனிட்டு. அம்மா நூறு தாண்டாமப் பாத்துக்குவாங்க. உங்க கம்ப்யூட்டர் 92."

அவள் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. இரண்டு எண்களை ஒப்பிட்டாள், அவ்வளவுதான். ஒப்பிடச் சொல்லித்தானே கற்றுக்கொடுக்கிறோம்! ஆனால் எனக்குப் பதில் வரவில்லை. நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. அந்த நூறுக்குள் ஒரு மின்விசிறி, இரண்டு பல்பு, ஒரு தொலைக்காட்சி, ஒரு மிக்ஸி ஆகியவற்றைக் கொண்டு நான்கு பேர் வாழ்கிறார்கள். அந்தக் குடும்பம் முழுவதும் பயன்படுத்தும் மின்சாரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, பெரும்பகுதி நேரம் யாரும் பார்க்காத ஒரு கணினி என் வீட்டில் எரித்துக்கொண்டிருந்தது.

"ஏன் சார் அணைக்க மாட்டீங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. என் காரணங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றையும் சரிபார்ப்பதே அடுத்த வகுப்பின் வேலை என்று முடிவானது.

காரணங்களைச் சோதித்தல்

முதல் காரணம்: அடிக்கடி அணைத்துப் போட்டால் கணினி கெட்டுவிடும். இது நம்மில் பலர் நம்புவது. இதில் முற்றிலும் உண்மையில்லாமல் இல்லை. சூடாகிக் குளிரும்போது பாகங்கள் விரிந்து சுருங்குகின்றன. ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு முறையும் சுழலத் தொடங்கி நிற்கிறது. ஆனால் எத்தனை முறை தாங்கும் என்பதே கேள்வி. பழைய வகை ஹார்ட் டிஸ்க்குகளுக்கே 50,000 முறை தொடங்கி நிறுத்தலாம் என்று உற்பத்தியாளர்கள் குறிப்பிட்டதுண்டு. நாளுக்கு ஒரு முறை என்றால் 50,000-ஐ 365-ஆல் வகுக்க, சுமார் 137 ஆண்டுகள்! "அதுக்குள்ள வேற கம்ப்யூட்டர் வாங்கிடுவீங்க சார்" என்றார்கள். மறுபுறம், ஓயாமல் ஓடும் கணினியில் விசிறியும் ஓயாமல் சுழன்று தூசியை உள்ளே இழுக்கிறது. தூசி படிந்தால் வெப்பம் வெளியேறுவது தடைப்படும்.

இரண்டாவது காரணம்: தொடங்கும்போதுதான் அதிக மின்சாரம் இழுக்கும், ஆகவே அணைக்காமல் விடுவதே சிக்கனம். இதையும் கணக்காக்கினோம். தொடங்கும்போது 100 வாட் வீதம் மூன்று நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அது 5 வாட் மணி. 64 வாட்டில் சும்மா இருக்கும் கணினி ஐந்து நிமிடத்திற்குள்ளாகவே அதை எரித்துவிடும். அதாவது, இரவு முழுவதும் என்ன, அரை மணி நேரம் எழுந்து போனாலும் அணைப்பது லாபமே. மின்திறன் அதிகம் என்பதாலேயே மின்னாற்றலும் அதிகம் என்று ஆகிவிடாது. காலமும் சேர வேண்டும். மாணவர்கள் குழம்பும் இடம் இதுதான். இந்த ஒரு கணக்கில் அது தெளிந்தது.

மூன்றாவது காரணம்: திரையில் ஸ்கிரீன் சேவர் வந்துவிடுகிறது, ஆகவே மின்சாரம் மிச்சம்தான். இது வெறும் பெயர் மயக்கம். பழைய குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் பாஸ்பரப் பூச்சில் தடம் விழும். அதைத் தடுக்க வந்ததே ஸ்கிரீன் சேவர். அது திரையைக் காப்பதற்கானது, மின்சாரத்தைச் சேமிக்காது. படம் அசைந்தாலும் திரை எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நான்காவது காரணம்: விட்ட இடத்தில் தொடரலாம். இதுதான் என் உண்மையான காரணம். இதற்கு மட்டும் நியாயமான மாற்று வேண்டியிருந்தது.

உறக்கம், ஆழ்ந்த உறக்கம், நிறுத்தம்

கணினியில் ஸ்லீப் என்று ஒரு நிலை உண்டு. அதில் நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றவை நின்றுவிடும். தட்டினால் சில நொடிகளில் விட்ட இடத்திலேயே எழும். ஆனால் அப்போது மின்தடை வந்தால் சேமிக்காத வேலை போய்விடும். ஹைபர்னேட் என்பது நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு நின்றுவிடுவது. எழச் சற்று நேரமாகும். மின்தடைக்கு அஞ்ச வேண்டாம். ஷட் டவுன் என்பது முழு நிறுத்தம். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்த பதிப்புகளில், விரைவாகத் தொடங்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் இயங்குதளத்தின் ஒரு பகுதி வட்டில் சேமிக்கப்பட்டே நிற்கிறது. ஆகவே கணினி தடுமாறும்போது புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் ரீஸ்டார்ட் கொடுப்பதே சரி. பள்ளி ஆய்வகத்திலும் இது உதவும்.

ஸ்லீப் நிலையில் மறுபடி எண்ணினேன். அரை மணி நேரத்தில் 6 மினுக்கல். இரட்டித்து 0.3125-ஆல் பெருக்க 3.75 வாட். இங்கே ஒரு கேள்வியை எழுப்பலாம்: 34-இல் ஒன்றைத் தவறவிட்டால் பிழை எவ்வளவு? 6-இல் ஒன்றைத் தவறவிட்டால் எவ்வளவு? முதலாவது சுமார் 3 விழுக்காடு. இரண்டாவது சுமார் 17 விழுக்காடு. சிறிய அளவுக்கு நீண்ட நேரம் எண்ண வேண்டும் என்பதை மாணவர்களே சொன்னார்கள்.

முழுவதும் நிறுத்தி, சுவர் சுவிட்சை மட்டும் அணைக்காமல் ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு மினுக்கலும் இல்லை. "அப்ப சுழி, சார்" என்றது வகுப்பு. அப்போது எடுத்த ஒரு படத்தைக் காட்டினேன். கணினி நின்றிருந்தது, ஆனால் மவுசின் அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது! மின்னோட்டம் இல்லாமல் விளக்கு எரியுமா? எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து சிறிதளவு மின்சாரத்தை எப்போதும் எடுத்துக்கொண்டிருக்கிறது. மீட்டரோ மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எண்ணத் தொடங்குவதில்லை. கருவி சுழி காட்டுவது வேறு, பொருள் சுழியாக இருப்பது வேறு. எந்தக் கருவிக்கும் கீழெல்லை ஒன்று உண்டு என்பதை மவுசு விளக்கு சொல்லிக்கொடுத்தது.

இந்தச் சொட்டு மின்சாரத்தை உலகம் கவனிக்காமல் விடவில்லை. 1992-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தொடங்கிய எனர்ஜி ஸ்டார் முத்திரை முதன்முதலில் கணினிகளுக்கும் திரைகளுக்குமே தரப்பட்டது. 1999-இல் பன்னாட்டு எரிசக்தி முகமை, காத்திருப்பு நிலையில் எந்தக் கருவியும் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற இலக்கை முன்வைத்தது. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002-இல் எரிசக்தித் திறன் செயலகம் அமைந்தது. குளிர்பதனப் பெட்டியில் நாம் பார்க்கும் நட்சத்திரக் குறிகள் அதன் வழியாக வந்தவையே.

எப்போது ஓடலாம்?

"அப்ப யாருமே நாள் பூரா ஓட விடக் கூடாதா சார்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மருத்துவமனை, வங்கி, தொடர்வண்டி முன்பதிவு ஆகியவற்றின் கணினிகள் இரவிலும் ஓடத்தான் வேண்டும். வீட்டுக் கணினிகளையே ஒரு நோக்கத்திற்காக ஓடவிட்டவர்களும் உண்டு. 1999 மே மாதம் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தினர் செட்டி@ஹோம் என்ற திட்டத்தைத் தொடங்கினர். போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி திரட்டிய குறிகைகளைச் சிறு சிறு பகுதிகளாக்கி, உலகெங்கும் இலட்சக்கணக்கானோரின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினார்கள். கணினி சும்மா இருக்கும் நேரத்தில், வேற்றுலக அறிவுயிரின் தடயம் உண்டா என்று அது தேடும். 2020 மார்ச்சில் புதிய பகுதிகள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டனர். பெரிய பகா எண்களைத் தேட 1996-இல் இதேபோலத் தொடங்கிய ஒரு திட்டம் இன்றும் நடக்கிறது. அங்கெல்லாம் எரிந்த மின்சாரத்திற்கு ஒரு வேலை நடந்தது. என் கணினி எதையும் தேடவில்லை. என் சோம்பலுக்காக மட்டும் ஓடியது. இதை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன்.

மாணவர்கள் எனக்கு ஒரு திட்டம் போட்டுக்கொடுத்தார்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் பயன்பாடு, மீதி நேரம் நிறுத்தம் என்றால் இரண்டு மாதத்திற்கு 11.52 யூனிட். மீதி 21 மணி நேரமும் ஸ்லீப்பில் வைத்தாலும் 4.73 கூடி, சுமார் 16 யூனிட்தான். 92-க்கும் 11.52-க்கும் இடையே சுமார் 80 யூனிட். ஆண்டுக்கு ஆறு கணக்கெடுப்பு. சுமார் 484 யூனிட். நம் நாட்டு மின் உற்பத்தியில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 340 கிலோ. மிச்சமாகும் 80 யூனிட், கட்டணத்தின் மேல் அடுக்கிலிருந்து குறைகிறது என்பதையும் கவனிக்க வைத்தேன். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கீழ் அடுக்கின் விகிதமும் மாறிவிடுகிறது. மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்த சராசரி விலை இங்கே உதவாது.

அடுத்த கணக்கெடுப்பில் என் வீட்டில் 463 யூனிட் வந்தது. 85 குறைவு. "80-தானே வரணும்?" என்று கேட்டார்கள். இடையில் வெயில் தணிந்திருந்தது. மின்விசிறி குறைவாக ஓடியது. எல்லாக் குறைவையும் கணினிக்கே எழுதிவிட முடியாது என்பதையும் பேசினோம்.

ஆசிரியர்கள் கவனிக்க

இதை வகுப்பில் செய்ய விரும்பும் நண்பர்களுக்கு மூன்று செய்திகள்.

முதலாவது, பாதுகாப்பு. மீட்டரைப் பார்ப்பதும் எண்ணுவதும் மட்டுமே. மூடியையோ கம்பியையோ யாரும் தொடக் கூடாது. ஈரக்கையுடன் சுவிட்சு அருகே போகக் கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் கணினியின் பிளக்கைக் கழற்றிவைப்பது நல்லது. ஆனால் இடி தொடங்கும் முன்பே கழற்ற வேண்டும்.

இரண்டாவது, நான் செய்த இன்னொரு தவறு. "நாளை எல்லாரும் வீட்டு மின் அட்டையைக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். ஐந்து பேர் கொண்டு வரவில்லை. தனியே விசாரித்தபோது, ஒரு மாணவன் வாடகை வீடு என்றான். அட்டை வீட்டு உரிமையாளரிடம் இருக்கிறது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர்கள் தனியே பணம் கொடுக்கிறார்கள். நூறு யூனிட் சலுகை அவர்கள் கைக்கு வருவதே இல்லை. ஒரு மின் அட்டை ஒரு குடும்பத்தின் நிலைமையைச் சொல்லிவிடும். அதன் பிறகு அட்டை கேட்பதை நிறுத்திவிட்டேன். விருப்பமுள்ளவர் பெயர் எழுதாமல் யூனிட் எண்ணை மட்டும் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம் என்றேன். சராசரி, இடைநிலை, வீச்சு ஆகியவற்றைக் கணக்கிட அதுவே போதும்.

மூன்றாவது, வகுப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். தொடக்க வகுப்பில் "யாரும் இல்லாத அறையில் என்ன ஓடுகிறது?" என்று பட்டியலிடச் சொன்னால் போதும். எட்டாம் வகுப்பில் பெருக்கலும் சராசரியும். பத்தாம் வகுப்பில் ஒரு கிலோவாட் மணி 3.6 மில்லியன் ஜூல் என்பதையும் சேர்த்து, அளவீட்டுப் பிழை வரை போகலாம். ஒரு சோதனை வினாவும் தருகிறேன்: 10 வாட் எடுக்கும் இணைய மோடம் இரண்டு மாதம் ஓயாமல் ஓடினால் எத்தனை யூனிட்? 14.4 என்பது விடை. அதை அணைக்கலாமா, வேண்டாமா என்பது மாணவர்கள் பேசி முடிவு செய்ய வேண்டியது.

அந்த மாணவி இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். அன்று வகுப்பு முடிந்ததும் அவளே, எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தைக் கடைசியாக விட்டு வெளியேறும் குழு அணைத்ததைக் குறிக்க ஒரு தாளில் கட்டம் போட்டுக் கதவில் ஒட்டினாள். அந்தத் தாள் இரண்டு முறை மாற்றப்பட்டுவிட்டது; கட்டம் அப்படியே தொடர்கிறது. என் வீட்டில், இரவு படுக்கப்போகும் முன் கணினியை நிறுத்திச் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறேன். மவுசின் விளக்கு அணைந்ததா என்று குனிந்து பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.